எல்லா நாளும் புதன்கிழமை

நான் மாட்டிய கேமரா எதுவும் இதுவரை கெட்டுப்போனதில்லை. சிலந்தி வலை கட்டும், அவ்வளவுதான். கேமரா லேசாகச் சூடாக இருப்பதால் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வரும். உடனே கம்பெனிக்காரனைக் கூப்பிடத் தேவையில்லை. நீளக் கம்பு ஒன்றில் பழைய பனியன் துணியைக் கட்டிக் கம்ப்யூட்டர் லேப் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறேன். துணியை நனைத்துப் பிழிந்து ஒரு துடை துடைத்தால் போதும். எனக்குப் பிறகு அந்த வேலைக்கு வருகிறவருக்குத் தெரிய வேண்டும் என்பதால் இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நடந்ததை நடந்தபடி உன் கையாலேயே எழுது என்றீர்கள், மேடம். டீயும் வாங்கிக் கொடுத்தீர்கள். சர்க்கரை தூக்கலாக இருந்தாலும் நல்ல டீ. எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. கனிஷ்கா விஷயத்தை மட்டும் எழுதினால் போதும் என்று உங்கள் ஏட்டு சொன்னார். அப்படி எழுத முடியாது. பள்ளிக்கூடத்து லைன் எப்படி ஓடியது என்று தெரியாவிட்டால் கனிஷ்காவுக்கு என்ன ஆனது என்பது யாருக்கும் விளங்காது. ஏதோ கெட்ட எண்ணத்தில் செய்தேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

என் பெயர் சின்னராஜ். திருச்செங்கோட்டுப் பக்கம். அப்பா கல் உடைத்தார், அம்மா கல் சுமந்தார். நான் ரிக் வண்டிக்குப் போனேன். ரிக் வண்டி என்றால் போர் போடுகிற லாரி. எங்கள் பக்கத்து ஆட்கள் அதில் ஏறினால் ஒடிசா, சத்தீஸ்கர் என்று மாதக்கணக்கில் ஊர் திரும்ப மாட்டார்கள். பூமிக்குள் இறங்குகிற இரும்பு ராடை ஒவ்வொன்றாகத் தூக்கி மாட்ட வேண்டும். காது அடைத்துப்போகும், மூக்கில் கல்மாவு ஏறும். ஒருநாள் காய்ச்சல் என்று படுத்தேன். "காச்சல் உனக்கா, ராடுக்கா?" என்று மேனேஜர் கேட்டார். எனக்குத்தான் என்றேன். "அப்ப ராடு நல்லாத்தான இருக்குது, எந்திரிச்சுத் தூக்கு" என்றார். அதில் கோபப்பட ஒன்றும் இல்லை. வேலை ஓடுகிறதா, நிற்கிறதா என்பதுதான் கேள்வி. அதை அங்கே கற்றுக்கொண்டேன், பிறகு மறக்கவில்லை.

செங்கோடண்ணன் அதே வண்டியில் ட்ரில்லர். ஒரே தார்ப்பாய்க்குக் கீழே படுத்திருக்கிறோம், ஒரே சட்டியில் தின்றிருக்கிறோம். ஒருமுறை கம்ப்ரசர் குழாய் வெடித்துப் பாம்பு மாதிரி சுழன்றபோது என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டவர் அவர்தான். அவருக்கு இரண்டு விரலில் நகம் போனது. முதுகு விட்டுப்போன பிறகு நான் ஊருக்குத் திரும்பிக் கம்ப்யூட்டர் நெட்வொர்க் டிப்ளமோ முடித்து, ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற வழியில் இருக்கிற எங்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். பிள்ளைகளை விடுதியில் தங்கவைத்து மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படிக்க வைக்கிற பள்ளி. செங்கோடண்ணன் இன்னும் ரிக்கில்தான் இருக்கிறார். அவர் மகள்தான் கனிஷ்கா. தாய் இல்லாத பெண். நான் வேலை பார்க்கிற இடம் என்ற ஒரே காரணத்துக்காக அங்கே கொண்டுவந்து சேர்த்தார். "நம்ம சின்னராசு இருக்கறான், பாத்துக்குவான்" என்று பிரின்சிபாலிடமே சொன்னார்.

இப்போது லைனைப் பற்றி.

பள்ளியில் கம்ப்யூட்டர் லைன் ஏற்கெனவே இருந்தது. லேப், ஆபீஸ், பிரின்சிபால் அறை, பிள்ளைகள் ஆன்லைனில் மாதிரித் தேர்வு எழுதுகிற கூடம், எல்லாம் ஒரே வலை. இழுத்துப் பிடித்தால் அந்த வேலைக்குச் சரியாக இருந்தது. பெற்றவர்கள் பிள்ளைகளைப் போனிலேயே பார்க்கும்படி வகுப்புக்கு வகுப்பு கேமரா வைக்க வேண்டும் என்று தாளாளர் தண்டாயுதபாணி ஐயாவுக்கு ஆசை வந்தது. அவர் முட்டைக்கோழிப் பண்ணை வைத்து மேலே வந்தவர். பண்ணையில் கேமரா வைத்திருக்கிறார். கோழி தலையைக் குனிந்திருந்தால் தீனி எடுக்கிறது என்று அர்த்தம், தூக்கினால் எதையோ கண்டு மிரண்டிருக்கிறது என்று அர்த்தம். பிள்ளைகளையும் அவர் அப்படித்தான் பார்ப்பார். வகுப்பைக் கடந்து போகும்போது எத்தனை தலை தூக்கியிருக்கிறது என்றுதான் பார்ப்பார். பாடம் என்ன என்று கேட்கமாட்டார்.

"ஐயா, கேமராவுக்குத் தனி லைன் இழுக்கணுங்க" என்றேன். "இருக்கறதுல சேத்துனா தாங்காதுங்க."

"ஏப்பா, ஒரு போர்ல எத்தன பைப்பு மாட்டறோம். தண்ணி வராமயா போயிருது?"

"வருங்க. எல்லாரும் ஒட்டுக்காத் தொறந்தாச் சொட்டுங்க."

"எதுக்கு ஒட்டுக்காத் தொறக்கறாங்க?"

"புள்ளைங்க படிக்கற நேரத்துலதானுங்களே பெத்தவங்க பாப்பாங்க."

"நீ மொதல்ல மாட்டி உடு. சொட்டறப்பப் பாத்துக்கலாம்."

மாட்டினேன். சுவரைத் துளைத்துக் குழாய் பதித்துக் கேபிள் இழுத்து எல்லாவற்றையும் பழைய வலையிலேயே கோத்தேன். முதல் வாரம் சில்லறைத் தொல்லைகள் வந்தன. வலையில் இருக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நம்பர் உண்டு. பிரின்சிபாலின் பிரின்டருக்கும் பதினோராம் வகுப்புக் கேமராவுக்கும் ஒரே நம்பர் விழுந்துவிட்டது. அவர் ஒரு தாள் அடித்தால் பதினோராம் வகுப்பு மொத்தமும் பெற்றோர் போனிலிருந்து காணாமல் போகும். வகுப்பு திரும்பி வந்தால் பிரின்டர் செத்துவிடும். பிரின்சிபால் இரண்டு நாள் கையாலேயே எழுதினார். அதைச் சரிசெய்தேன்.

பெரிய தொல்லை சாயங்காலப் படிப்பு நேரத்தில் வந்தது. பெற்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஆப்பைத் திறந்தார்கள். லைன் திணறிப் படம் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. திட்டு விழும் என்று போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் கூப்பிட்டவர் குமாரபாளையத்துத் தறிக்காரர்.

"சார், என்ற பையன் ஒரு மணி நேரமா ஆடல அசையல. பொறந்ததுல இருந்து அவன் இப்பிடி உக்காந்து நான் பாத்ததில்லீங்க. என்ன பண்ணுனீங்க?"

ஒன்றும் பண்ணவில்லை என்றேன். உண்மை அதுதான். அன்றைக்கு ஒரு புகார்கூட வரவில்லை. ராத்திரியெல்லாம் உட்கார்ந்து வேலை பார்த்து மறுநாள் படத்தை ஓட வைத்தேன். புகார் அன்றைக்குத்தான் வந்தது. ஒரு பையன் கொட்டாவி விட்டான், ஒரு பெண் பக்கத்துப் பெண்ணிடம் சிரித்தாள், ஒருவன் மேசைக்கு அடியில் எதையோ தின்றான். தாளாளரின் போன் ஓயவில்லை. அவர் என்னைக் கூப்பிட்டு, "நேத்து நல்லாத்தான இருந்துச்சு, எதுக்கு நோண்டுன?" என்றார்.

அதோடு போகவில்லை. கேமரா ஓடினால் ஆன்லைன் தேர்வு நின்றது. பாதித் தேர்வில் திரை வெளுத்து, எழுதிய விடையெல்லாம் போனது. பிள்ளைகள் அழுதார்கள். அழுவதையும் பெற்றவர்கள் பார்த்தார்கள்.

ஆகையால் நான் ஒரு புதன்கிழமையை எடுத்தேன்.

அன்று பள்ளியை விளம்பரப் படம் எடுக்க ஆட்கள் வந்திருந்தார்கள். தலை தூக்கினால் தொலைத்துவிடுவேன் என்று பிரின்சிபால் காலையிலேயே சொல்லியிருந்ததால் நாள் முழுக்கப் பிள்ளைகள் குனிந்தே இருந்தார்கள். காலை வகுப்பிலிருந்து சாயங்காலப் படிப்பு முடிகிற வரைக்கும் பதிவாகியிருந்தது. கேமரா பிள்ளைகளைப் பார்த்து இருப்பதால் கரும்பலகைத் தேதி தெரியாது. ஓரத்தில் அன்றன்றைய தேதியும் மணியும் ஓடுகிற மாதிரி வைத்தேன். மொத்தத்தையும் வெளியூர் சர்வர் ஒன்றில் ஏற்றிவிட்டேன். பெற்றவர்கள் ஆப்பைத் திறந்தால் அங்கிருந்து போகும். காலை பத்து மணிக்குத் திறந்தால் புதன்கிழமை காலை பத்து மணி தெரியும். பள்ளி லைனுக்கு ஒரு பாரமும் இல்லை. தேர்வு தடங்கல் இல்லாமல் ஓடியது.

தாளாளரிடம் மறைக்கவில்லை. உட்கார வைத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"ஒருத்தனும் தலையே தூக்கலியேப்பா."

"இல்லீங்க."

"எத்தன நாளைக்குத் தாங்கும்?"

"எத்தன நாளானாலும் கெட்டுப்போகாதுங்க."

"முட்டையவிடப் பரவால்ல" என்றார். "இதே ஓடட்டும்."

ஒரு தவறு செய்தேன். அதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பள்ளியில் மற்ற நாள்களில் நீலச் சீருடை, புதன்கிழமைக்கு மட்டும் மஞ்சள். நான் தலைகளைப் பார்த்தேன், சட்டையைப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு தாய் கூப்பிட்டு, "ஏனுங்க, புள்ளைங்க மூணு நாளா மஞ்சச் சட்டையிலயே இருக்கறாங்களே, தொவைக்கறதே இல்லீங்களா?" என்றார். தாளாளர் யோசித்தார். படத்தை மாற்றலாம் என்றேன். தலை தூக்காத நாள் இன்னொன்று கிடைக்காது என்றார். திங்கள்கிழமையிலிருந்து எல்லா நாளும் மஞ்சள் என்று அறிவித்தோம். விடுதிப் பிள்ளைகளிடம் மஞ்சள் ஒரு ஜோடிதான் இருந்தது. ராத்திரி துவைத்துக் காலையில் ஈரத்தோடு போட்டுக்கொண்டார்கள். மழைக்காலம். இருமினார்கள். அது படத்தில் தெரியாது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சரிப்படுத்தினோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றவர்கள் நேரில் வருவார்கள். வந்து பார்க்கும்போது பிள்ளை வேறு இடத்தில் உட்கார்ந்திருந்தால் கேள்வி வரும். ஆகவே எல்லாரும் புதன்கிழமை உட்கார்ந்த இடத்திலேயே உட்கார வேண்டும் என்று வைத்தோம். கண்ணாடியை மாற்றிய ஒரு பெண்ணுக்குப் பழைய கண்ணாடியையே கொடுத்தோம். ஒரு பையனுக்கு மீசை அரும்பியது. படத்தில் அவனுக்கு மீசை இல்லை. மழிக்கச் சொன்னோம். பிள்ளைகளுக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் வீட்டில் சொல்லவில்லை, நேரடிப் படம் வந்தால் கொட்டாவிக்கும் திட்டு விழும். "அண்ணா, புதன்கெழம கெமிஸ்ட்ரி டெஸ்ட்ல நான் நல்லா எழுதுனனா?" என்று கனிஷ்கா ஒருமுறை என்னைக் கேட்டாள். தினமும் நன்றாகத்தான் எழுதுகிறாய் என்றேன். சிரித்தாள்.

ஜேடர்பாளையத்துப் பையன் கௌதமன் படிப்பு ஏறவில்லை என்று பாதியில் போய்விட்டான். அவன் அம்மா அங்கம்மாள் அடுத்த வாரம் கூப்பிட்டார்.

"சார், கௌதமன் இங்க ஊட்ல உக்காந்து டிவி பாத்துட்டு இருக்கறான். போனத் தொறந்தா அங்கியும் இருக்கறான்."

பழைய பதிவு ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும், எடுத்துவிடுகிறேன் என்றேன்.

"எடுக்காதீங்க சாமி" என்றார். "அங்க இருக்கறவன் நல்லாப் படிக்கறான். அவன் பாட்டுக்கு இருக்கட்டும். இவனத்தான் என்ன பண்றதுன்னு தெரியல."

நான் எடுக்கவில்லை. நான் செய்தது எத்தனை பேருக்கு ஆறுதலாக இருந்தது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

செங்கோடண்ணனுக்கு வருகிறேன். ரிக்கில் டீ வருகிற நேரம் மாறாது. உடம்பால் உழைக்கிறவனுக்கு ஓய்வு எப்போதும் ஒரே நேரத்தில்தான் கிடைக்கும். காலையில் கம்ப்ரசரை நிறுத்தி டீ கிளாஸைக் கையில் எடுத்ததும் அவர் ஆப்பைத் திறப்பார். புதன்கிழமையில் சரியாக அந்த நேரத்தில் கனிஷ்கா பேனாவின் பின்பக்கத்தால் இடது காதைச் சொறிகிறாள். மறுபடியும் எழுதுகிறாள், மறுபடியும் சொறிகிறாள். அவர் அதைத் தினமும் பார்த்தார்.

"சின்னராசு, புள்ளைக்குக் காதுல என்னமோ இருக்குது" என்று எனக்குப் போன் பண்ணினார். "தெனமும் சொறியறா. வண்டிச் சத்தத்துல என்ற காது போனாப்பல அவ காதும் போயிருமோன்னு பயமா இருக்குது. டாக்டரக் கூட்டியாரச் சொல்லு."

வார்டன் மலர்விழியிடம் சொன்னேன். பள்ளிக்கு வருகிற டாக்டர் டார்ச் அடித்துக் காதைப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்றார். ஆனாலும் அப்பா வற்புறுத்துகிறார் என்பதால் ஒரு சொட்டு மருந்து எழுதினார். கனிஷ்கா, "காது நல்லாத்தான் இருக்குதுங்க, அப்பப்ப வயிறுதான் இழுத்துப் புடிக்குது" என்றாள். அன்றைக்குக் காதுக்குத்தான் டாக்டர் வந்திருந்தார். மலர்விழி தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அவளைப் படுக்க வைத்து இடது காதில் சொட்டு விட்டார். அடுத்த நாளும் அவள் படத்தில் சொறிந்தாள். செங்கோடண்ணன் கவலைப்பட்டார். இரண்டு சொட்டை மூன்று சொட்டு ஆக்கினோம்.

இதற்கு நடுவில் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பெற்றோருக்கு மோசடிப் போன் வந்தது. அவர் மகள் குரலிலேயே யாரோ அழுது, ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்று சொல்லி ஏமாற்றப் பார்த்தார்கள். இப்போது குரலையே கம்ப்யூட்டரில் செய்துவிடுகிறார்கள். தாளாளர் எல்லாப் பெற்றோருக்கும் ஒரு செய்தி அனுப்பச் சொன்னார். நான்தான் டைப் அடித்தேன். "உங்கள் பிள்ளையின் குரலில் யாராவது உடம்பு சரியில்லை என்று பேசினால் நம்ப வேண்டாம். உடனே ஆப்பைத் திறந்து பாருங்கள். பிள்ளை வகுப்பில் இருந்தால் போனை வைத்துவிடுங்கள்." நல்ல எண்ணத்தில் அனுப்பியது. பல பேர் நன்றி சொன்னார்கள்.

கனிஷ்காவுக்கு முடியாமல் போன அந்த நாள் காலை, அவள் படிக்கிற பன்னிரண்டாம் வகுப்புக்குப் பெரிய மாதிரித் தேர்வு. லைனில் ஒரு சின்ன அசைவுகூட இருக்கக் கூடாது என்று தாளாளர் சொல்லியிருந்தார். விடுதிக்குப் போகிற கேபிள் பெட்டி வார்டன் அறைச் சுவரில் இருக்கிறது. அதில் ஏதாவது தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க ஸ்டூல் மேல் ஏறி நின்றிருந்தேன். மலர்விழி கனிஷ்காவைத் தோளில் தாங்கிக் கூட்டிவந்தார். மஞ்சள் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. இரண்டாகக் குனிந்து நடந்தாள்.

"காது வலியா கண்ணு?" என்று நான் கேட்டேன்.

"வயிறுங்கண்ணா" என்றாள்.

தேர்வுக்குப் பயந்து வயிற்றுவலி என்று சொல்கிற பிள்ளைகள் அதிகம். அதனால் பெற்றவர் வாய்வார்த்தை இல்லாமல் யாரையும் வெளியே அனுப்பக் கூடாது என்பது விதி. மலர்விழி விதிப்படி தன் சொந்தப் போனிலிருந்து செங்கோடண்ணனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து அவளிடம் கொடுத்தார். ரிக்கில் டீ நேரம்.

"அப்பா, வயிறு தாங்க முடியலப்பா. ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுப்பா."

டீ கிளாஸைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அவர் ஆப்பைத் திறந்திருப்பார்.

"யாரும்மா நீ?"

"நாந்தாம்ப்பா. கனிஷ்கா."

"என்ற பொண்ணு இங்க கண்ணு முன்னால எழுதிட்டு இருக்கறா. இதா, காதச் சொறியறா. உங்களுக்கெல்லாம் வேற பொழப்பு இல்லியாடி? புள்ளைங்க பேர்லயா வெளையாடுவீங்க?"

"அப்பா, அது பழைய படம்ப்பா. அது நானில்ல."

"கொரலு அப்பிடியே வெச்சிருக்கறாளே பாவி" என்று அவர் பக்கத்தில் யாரிடமோ சொன்னது கேட்டது. மலர்விழி போனை வாங்கிப் பேசுவதற்குள் கட் ஆகிவிட்டது.

மலர்விழி திரும்பப் போட்டார். அவர் எடுக்கவில்லை. மலர்விழி வராண்டாவுக்குப் போய்த் தாளாளரைப் போனில் கூப்பிட்டுக் கேட்டார். "அப்பனே வேண்டாங்கறப்ப நாம என்ன பண்ண? சீரகத் தண்ணி குடுத்துப் படுக்க வை. பரீச்ச முடியட்டும்" என்றார் அவர். உடம்பு சரியில்லாதவர்கள் படுக்கிற அறையில் படுக்க வைத்தார்கள். மலர்விழி மேல் தப்பில்லை. பரீட்சைக் கூடத்தில் வேறு அவருக்கு வேலை இருந்தது.

அந்த அறையிலும் ஒரு கேமரா உண்டு. அதன் படம் பெற்றோருக்குப் போகாது, லேபில் என் மேசைத் திரையில் மட்டும் வரும். நல்ல வெளிச்சம் உள்ள அறை, அதனால் அந்தக் கேமராவில்தான் படம் மிகத் தெளிவு. அவள் கட்டிலில் முழங்காலை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டாள். சீரகத் தண்ணீர் டம்ளர் கீழே விழுந்தது. பக்கத்துத் திரையில் புதன்கிழமை ஓடியது. அதில் அவள் பக்கம் திருப்பி எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன் மேடம், ஒரு கட்டத்தில் எது அவள் என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. அத்தனை மாதமாக எல்லாரும் கனிஷ்கா என்று பார்த்தது எழுதுகிற பெண்ணைத்தான். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மத்தியானத்துக்கு மேல் அவள் புரள்வதை நிறுத்தினாள். அசையாமல், தலையைக் குனிந்து, சுருண்டு கிடந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. தேர்வும் ஒரு தடங்கல் இல்லாமல் முடிந்தது. குடல்வால் உள்ளே வெடித்துவிட்டால் கொஞ்ச நேரம் வலி அடங்கிவிடும் என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எனக்கு அது தெரியாது. பொழுது இறங்கும்போது மலர்விழி போய்த் தொட்டுப் பார்த்துக் கத்தினார். பள்ளி வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். மறுநாள் மத்தியானம் போய்விட்டாள்.

செங்கோடண்ணன் ரயில் மாறி ரயில் ஏறி வந்து சேர்ந்தார். பிணவறைக்கு வெளியே என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நின்றேன். அடிக்கவில்லை. சட்டையில் அப்படியே கல்மாவு இருந்தது. போனை நீட்டி, "சின்னராசு, இது எப்ப எடுத்தது?" என்று கேட்டார். சொன்னேன். போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

தேர்வு நாள் காலை என் போனுக்கு வந்த ஓர் அழைப்பைப் பற்றி நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள், நான் டீ குடித்தேன். இப்போது எழுதுகிறேன். மகளின் போனைக் கட் பண்ணிவிட்டு அவர் அடுத்ததாகக் கூப்பிட்டது என்னை. நான் அதே அறையில், அதே ஸ்டூல் மேல்தான் நின்றிருந்தேன். மலர்விழி தாளாளரிடம் பேச வராண்டாவுக்குப் போயிருந்தார். கனிஷ்கா எனக்குக் கீழே பெஞ்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சின்னராசு, என்ற புள்ள கொரல்ல எவளோ பேசறா. வயித்துவலிங்கறா. எனக்கென்னமோ மனசு கேக்கல. புள்ள கிளாஸ்ல இருக்கறாளா? நீ ஒருக்காப் பாத்துச் சொல்லு சாமி, நீ சொன்னா நம்பறேன்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அவர் குரல் போனுக்கு வெளியேயும் கேட்டது.

"இருக்கறாளுங்கண்ணா" என்றேன். "நீங்க பாக்கறதுதான் அவ."

நான்தான் சொன்னேன். தாளாளர் சொல்லச் சொல்லவில்லை, யாரும் மிரட்டவில்லை. இல்லை என்று சொன்னால் எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்வார்கள், எல்லாரும் நேரடிப் படம் கேட்பார்கள், தேர்வு நேரத்தில் லைன் நின்றுபோகும் என்று ஒரே நொடியில் தோன்றியது. வேலை ஓட வேண்டும். அவள் "அண்ணா" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். நான் பெட்டியை மூடித் திருகாணியை முறுக்கினேன்.

எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். சர்வரின் பாஸ்வேர்டை இந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கம்ப்யூட்டர்களை எடுத்துப் போங்கள், கேமராக்களைக் கழற்றிக்கொள்ளுங்கள். ஒரு வேண்டுகோள். வெளியூர் சர்வரை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள். மற்றப் பெற்றவர்கள் எல்லாரும் ஆப்பை அழித்துவிட்டார்கள். ஆனால் நீங்கள் என்னைப் பிடித்துவந்த நாள் வரைக்கும் காலையில் டீ நேரத்துக்கு ஒரே ஒரு போன் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. யாருடையது என்று எனக்குத் தெரியும். அவருக்கு நான் செய்யக்கூடியது வேறு என்ன இருக்கிறது. ஒருத்தர் பார்ப்பதால் லைனுக்கு ஒரு பாரமும் இல்லை.